நிலவின் தரையில் கதிர்வீச்சு: 2.6 மடங்கா, 1.9 மடங்கா?

2024 அக்டோபர் 5. தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகரின் கேள்வி

சீனாவின் சாங்கே-4 கலம் 2019-இல் நிலவின் மறுபக்கத்தில் அளந்த கதிர்வீச்சு, பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருப்பதைப் போல 2.6 மடங்கு என்று ஒரு செய்தியில் படித்தேன். அதே ஆய்வைப் பற்றி எழுதிய இன்னொருவர் 1.9 மடங்கு என்கிறார். ஒரே கருவி, ஒரே ஆய்வு, இரண்டு விடைகள். இந்த எண்ணையே ஒழுங்காகச் சொல்ல முடியாதவர்கள் அளந்ததை எப்படி நம்புவது? அவ்வளவு கதிர்வீச்சு உண்மையிலேயே இருக்குமானால் அப்பல்லோ வீரர்கள் அங்கே நடந்துவிட்டு நலமாகத் திரும்பியது எப்படி?

அக்டோபர் 5, இரவு

இரண்டு விடைகளும் சரிதான். வகுத்த எண்தான் வேறு. நிலவுத் தரையில் கிடைத்தது நாளொன்றுக்கு 1,369 மைக்ரோசீவர்ட் (சீவர்ட் என்பது உடலுக்கு நேரக்கூடிய கதிர்த் தீங்கின் அலகு). விண்வெளி நிலையத்துக்குள்ளே அதே காலத்தில் பதிவானது நாளொன்றுக்கு 731 மைக்ரோசீவர்ட். இந்த 731-இல் 523 மட்டுமே விண்மீன் வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்களால் வந்தது. மீதமுள்ள 208, பூமியின் காந்தப்புலம் பிடித்து வைத்திருக்கும் புரோட்டான்களுக்கு இடையே நிலையம் புகுந்து போவதால் சேர்வது. 1,369-ஐ முழுத்தொகையால் வகுத்தவர் 1.9 என்றார். நிலவில் அப்படிப்பட்ட காந்த வளையம் கிடையாது, ஆகவே அண்டக் கதிரை அண்டக் கதிரோடுதான் ஒப்பிட வேண்டும் என்று கருதியவர் 523-ஆல் வகுத்து 2.6 என்றார்.

அந்த 208 வரும் இடம் தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நமக்குத் தொலைவில் இல்லை. தென் அட்லாண்டிக் கடலுக்கு மேலே பூமியின் காந்தப்புலம் மெலிந்து கிடக்கும் பகுதி தென் அமெரிக்காவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் பக்கமாக நீள்கிறது. அங்கே, பூமியைச் சூழ்ந்து அந்தப் புரோட்டான்கள் நிறைந்திருக்கும் வான் ஆலன் வளையத்தின் உட்பகுதி தாழ இறங்குகிறது. நிலையத்தில் இருப்பவர்களுக்கு நாளின் கதிரளவில் கால் பங்குக்கும் மேல் நம் மேற்குக் கடற்கரைக்கு அப்பாலிருந்துதான் போகிறது. தரையில் நடமாடும் நமக்கு அதனால் ஒன்றும் நேர்வதில்லை. தலைக்கு மேலே முழுக் காற்று மண்டலமும் இருக்கிறது.

அக்டோபர் 6

மடங்குக் கணக்கை விட்டுவிட்டு 1,369 என்ற எண்ணையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். என் தொழில் மருத்துவமனையின் கதிர்சிகிச்சைப் பிரிவில் அளவிடும் கருவிகளைப் பேணுவது. அங்கே ஓர் எண்ணைக் கேட்டவுடன் எழும் முதல் கேள்வி அது கிரேயிலா சீவர்ட்டிலா என்பதுதான். கிரே என்பது ஒரு கிலோகிராம் பொருளில் கதிர் விட்டுச்சென்ற ஆற்றல். அதைக் கருவி நேரே அளக்கும். சீவர்ட் என்பது அந்த ஆற்றலைக் கொண்டுவந்த துகள் எது என்பதற்கேற்ப ஓர் எடைக்காரணியால் பெருக்கி, உடலுக்கு நேரக்கூடிய தீங்கை மதிப்பிடுவது. இரும்பின் அணுக்கரு ஒன்று உயிரணு வழியே பாய்வதும் எக்ஸ் கதிர் பாய்வதும் ஒன்றல்ல. ஆகவே சீவர்ட்டை எந்தக் கருவியும் நேராக அளப்பதில்லை. அளந்ததன்மேல் கணக்கிட்டு அடைகிறோம்.

சாங்கே-4-இல் இருந்த கருவியை ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகம் செய்து கொடுத்தது. அடுக்கி வைத்த பத்துச் சிலிக்கான் உணரிகள் அதன் உயிர்நாடி. கலம் 2019 ஜனவரி 3-ஆம் நாள் வான் கார்மான் பள்ளத்தில் இறங்கியது. ஆய்வு முடிவு 2020 செப்டம்பரில் வெளிவந்தது. சிலிக்கானில் மணிக்கு மொத்தம் 13.2 மைக்ரோகிரே, அதில் 3.1 மின்னூட்டமற்ற துகள்களால், அதாவது நியூட்ரான்களாலும் காமா கதிர்களாலும் வந்தது. எஞ்சிய ஏறத்தாழ 10.1 மின்னூட்டமுள்ள துகள்களின் பங்கு. சிலிக்கானிலிருந்து நீருக்கு, அதாவது தசைக்கு நெருங்கிய பொருளுக்கு, மாற்ற 1.3-ஆலும், தீங்கின் எடைக்காக அவர்கள் கண்ட சராசரிக் காரணியான 4.3-ஆலும் பெருக்குங்கள். மணிக்கு 56-க்கும் 57-க்கும் இடையே மைக்ரோசீவர்ட் வருகிறது. அவர்கள் வெளியிட்ட எண் 57.1, அதை 24-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,370.

அப்படியென்றால் அந்த 3.1 எங்கே போயிற்று? இந்தப் பெருக்கலுக்குள் அது வரவில்லை. உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் 1,369 என்ற எண், பெரும்பாலும் மேலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களின் கணக்கு. நியூட்ரான்களின் தீங்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டுமானால் அவற்றின் ஆற்றல் எப்படிப் பரவியிருக்கிறது என்று தெரிய வேண்டும்; வெறும் 3.1 என்ற எண் அதைச் சொல்லாது. எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதில் எது விடுபட்டிருக்கிறது என்று கேட்டு வாங்குவதே என் வழக்கம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நண்பரின் குழப்பமும் அங்கிருந்துதான் பிறந்தது.

அக்டோபர் 6, சற்றுப் பின்

இதைப் படித்த ஒருவர், "அப்படியானால் நாளொன்றுக்கு 1.37 மில்லிசீவர்ட் என்பது அதிகமா குறைவா, அதைச் சொல்லுங்கள்" என்கிறார். பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்ற வரம்பு நிலவில் பதினெட்டு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். என் போன்ற பணியாளருக்கான சராசரி ஆண்டு வரம்பு 20. அது பதினைந்து நாளில் தீரும். நாசா தன் வீரர்களுக்கு வாழ்நாள் முழுமைக்கும் வைத்திருக்கும் வரம்பு 600. அதற்கு ஏறத்தாழ 438 நாள். நிலவுக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பிப்பவர்கள் இரண்டு வாரப் பணிக்கு ஓராண்டு ஊதியம் கோரலாம்.

அக்டோபர் 9

அப்பல்லோவைப் பற்றி. வீரர்கள் உடையில் அணிந்திருந்தவை, வாங்கிய கதிரை அறிய நாங்கள் மார்பில் குத்திக்கொள்ளும் பட்டையின் மூதாதைகளே: சூடாக்கினால் தான் வாங்கிய கதிருக்கேற்ப ஒளிவிடும் படிகங்கள், துகளின் தடம் பதியும் நெகிழித் தகடுகள். இவற்றோடு எண்ணைக் காட்டும் சிறு அளவியும் ஒன்று உண்டு. அதைப் படித்து ஹூஸ்டனுக்குச் சொல்வது அவர்கள் அன்றாட வேலைகளுள் ஒன்று.

அப்பல்லோ 11-இன் சராசரி முழுப் பயணத்துக்கும் ஏறத்தாழ 1.8 மில்லிகிரே. அப்பல்லோ 14-க்கு 11.4 மில்லிகிரே, அதுவே எல்லாவற்றிலும் கூடியது. இவ்வளவு வேறுபாட்டுக்கு நிலவு காரணமல்ல. அப்பல்லோ 14 சென்ற பாதை வான் ஆலன் வளையங்களின் அடர்ந்த பகுதிக்கு நெருக்கமாக அமைந்துவிட்டது. பட்டை எல்லாவற்றையும் ஒரே தொகையாகச் சேர்த்துவிடும். வளையத்தைக் கடந்த சில மணி நேரம், வழியில் பறந்த நாட்கள், தரையில் நின்ற பொழுது ஆகியவற்றை அது பிரித்துக் காட்டாது. மனிதர் நிலவில் நடந்து அரை நூற்றாண்டு கழிந்த பிறகும் நிலவுத் தரையின் அளவு மணிக்கு எவ்வளவு என்று நேராக அறியாமல் இருந்தோம் என்றால் காரணம் இதுதான்.

நண்பரின் ஐயத்துக்கு விடை எளிய பெருக்கலில் இருக்கிறது. சாங்கே-4 கண்ட மணிக்கு 13.2 மைக்ரோகிரேயை எட்டு நாளுக்குப் பெருக்கினால் 2.5 மில்லிகிரே. அப்பல்லோ 11-இன் எட்டு நாள் பட்டை 1.8. இரண்டும் ஒரே அளவுக் கூட்டத்தைச் சேர்ந்தவை. இடையில் இருக்கும் வேறுபாட்டுக்குக் கலத்தின் சுவரும், சூரியனின் நிலையும் போதுமான விளக்கம்; சூரியனைப் பற்றிப் பின்னால் வருகிறேன். ஆக, பெரும் கதிர்வீச்சு என்பதும் வீரர்கள் நலமாகத் திரும்பினர் என்பதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. எட்டு நாள் தங்குவதற்கு இது சிறிய தொகை. ஓராண்டு தங்குவதற்குச் சிறியதல்ல.

அக்டோபர் 12

6-ஆம் தேதிக் குறிப்பில் பாதியில் நிறுத்திய நியூட்ரானுக்குத் திரும்புகிறேன். எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம்.

நிலவில் நிற்பவருக்கு வானத்தின் பாதியை நிலவே மறைக்கிறது. எனவே தரையில் ஆபத்து வெட்டவெளியில் இருப்பதில் பாதி என்று பலரும் எழுதுகிறார்கள். மின்னூட்டத் துகள்களுக்கு அது ஏறத்தாழப் பொருந்தும். ஆனால் மண் வெறுமனே தடுத்துக்கொண்டு கிடப்பதில்லை. அண்டக் கதிரின் புரோட்டான் மண்ணிலுள்ள அணுக்கருவில் மோதும்போது அது சிதறி நியூட்ரான்களை உதிர்க்கிறது. அவற்றுள் ஒரு பகுதி மேல்நோக்கித் தப்பி வருகிறது. மேலே இருப்பதைத் தடுக்கும் அதே தரை கீழிருந்து கதிர் தருகிறது.

இது என் வேலையிலும் அன்றாடம் நடப்பது. எங்கள் லினாக் கருவி, அதாவது சிகிச்சைக் கதிரை உண்டாக்கும் முடுக்கி, உயர் ஆற்றலில் ஓடும்போது ஃபோட்டான்கள் (எக்ஸ் கதிரின் துகள்கள்) டங்ஸ்டனில் மோதி நியூட்ரான்களை எழுப்பும். ஈயக் கதவு ஃபோட்டானுக்குச் சுவர்; நியூட்ரானுக்கு அது பொருட்டே அல்ல, அதற்கு ஹைட்ரஜன் நிறைந்த பாலிஎத்திலீன் வேண்டும். அறைக்கு வெளியே நியூட்ரான் அளவைப் பார்க்க நாங்கள் தூக்கிச் செல்லும் அளவி, தடித்த பாலிஎத்திலீன் உருளைக்குள் சிறு உணரி வைத்தது. ஏறத்தாழப் பத்துக் கிலோ எடை. கதவின் ஓரத்தில் அதை வைத்துக்கொண்டு நிற்கும்போது நான் நினைப்பதுண்டு: ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குப் பார்த்து நிலவுக்கு அனுப்புகிறவர்கள் இதை எப்படி அனுப்புவார்கள்?

அவர்கள் வேறு வழிகள் கண்டார்கள். 1972-இல் அப்பல்லோ 17 வீரர்கள் மண்ணைத் துளைத்து மாதிரி எடுத்த குழிக்குள் இரண்டு மீட்டர் நீளக் கோல் ஒன்றை இறக்கினார்கள். அதன் உள்ளே போரான் பூச்சும் யுரேனியமும், அவற்றில் நியூட்ரான் பட்டுப் பிறக்கும் துகள்களின் தடத்தைப் பதிக்கும் நெகிழியும் மைக்காவும் இருந்தன. இரண்டு நாளுக்குப் பிறகு எடுத்துக் கொண்டுவந்து, பூமியில் தடங்களை எண்ணினார்கள். மின்சாரமே வேண்டாத கருவி. அது காட்டியது இது: மண்ணுக்குள் இறங்க இறங்க நியூட்ரான்கள் முதலில் கூடி, பிறகே குறைகின்றன.

சாங்கே-4 கருவியில் மெதுவான நியூட்ரான்களைப் பிடிக்கக் காடோலினியம் தகடு வைத்தார்கள். மின்னூட்டமற்ற துகளை அறிய, நடுவில் உள்ள உணரி மட்டும் துடித்து அதைச் சூழ்ந்தவை துடிக்காத நிகழ்வுகளைப் பொறுக்கினார்கள். மின்னூட்டமுள்ளது எதுவானாலும் சுற்றியிருப்பவற்றில் ஒன்றையாவது தொட்டுவிட்டுத்தான் உள்ளே வரும் என்பது நியாயம். இதில் ஒரு சிக்கல். கலத்தைக் குளிரிலிருந்து காக்க அதிலேயே கதிரியக்க வெப்பப் பொதிகளும் அணு மின்கலமும் இருந்தன. அவையும் நியூட்ரானும் காமாவும் விடுபவை. ஆகவே கலத்தின் சொந்தக் கதிரைத் தனியே கண்டறிந்து கழிக்க வேண்டியிருந்தது. 3.1 என்ற எண் அந்தக் கழித்தலுக்குப் பின் நிற்பது. அதன் பிழை எல்லை 0.5, ஆறில் ஒரு பங்கு. என் அளவியில் அவ்வளவு பிழை வந்தால் அதைச் சரிபார்ப்புக்கு அனுப்பிவிடுவேன். நிலவில் அதுவே பெரிய செய்தி.

அக்டோபர் 13

கருவி இரவிலும் அளந்ததா என்று கேட்கிறார்கள். இல்லை. நிலவின் இரவு ஏறத்தாழப் பதினான்கு நாள். கருவியைப் பகலில்தான் இயக்கினார்கள். நம் நாட்டு மின்வெட்டு அட்டவணையைக் குறை சொன்னவர்கள் இதைக் கவனிக்கவும். அண்டக் கதிருக்கு இரவும் பகலும் கிடையாது என்பதால் கணக்கில் இது பெரிய ஓட்டை அல்ல.

அக்டோபர் 19

சந்திரயானைச் சேர்க்காமல் இந்தப் பேச்சு முடியாது என்று சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு பெரியவர் கடிந்துகொள்கிறார். நியாயம்தான். 2008 அக்டோபர் 22-ஆம் நாள் புறப்பட்ட சந்திரயான்-1-இல் பல்கேரியா கொடுத்த சிறு கதிர் அளவி ஒன்று இருந்தது. பூமியை விட்டுக் கிளம்பியதிலிருந்தே அது அளந்தது; வான் ஆலன் வளையங்களைக் கடந்தபோது ஏறி இறங்கிய வரைபடம் அதன் சிறப்பு. நிலவிலிருந்து 100 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபோது சிலிக்கானில் மணிக்கு ஏறத்தாழ 9.5 மைக்ரோகிரே.

2009 மே மாதத்தில் கலத்தை 200 கிலோமீட்டருக்கு உயர்த்தினார்கள், கதிரளவும் கூடியது. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 100 கிலோமீட்டரில் நிலவின் உருண்டை வானத்தில் 34 விழுக்காட்டை மறைக்கும். 200 கிலோமீட்டரில் 28 விழுக்காடு. தரையில் நின்றால் 50. உயரம் கூடக் கூட மறைப்பு குறைகிறது, அளவு கூடுகிறது. அந்த வகையில் தரையில் அளவு 9.5-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். சாங்கே-4 கண்டதோ மின்னூட்டத் துகள்களுக்கு மட்டுமே 10.1.

இதை வைத்து ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குகிறது என்று யாரும் கிளம்ப வேண்டாம். இரண்டு உணரிகளின் தடிமன் வேறு, அவற்றைச் சுற்றியிருந்த கலத்தின் பொருள் வேறு, பத்தாண்டு இடைவெளி வேறு. வேறு கைகள் செய்த இரண்டு கருவிகள் இவ்வளவு நெருங்கி வந்ததையே நான் பாராட்டுவேன்.

அக்டோபர் 27

லெனேசியாவிலிருந்து எழுதும் அம்மையார், நிலவில் மண்ணை அள்ளி மேலே போட்டுக்கொண்டு வாழ்ந்தால் போதுமல்லவா என்கிறார். 12-ஆம் தேதி சொன்ன கோலை நினைவில் கொள்ளுங்கள்: மேலே சிறிது மண் என்றால் நியூட்ரான் கூடவும் செய்யும். மெல்லிய போர்வை சூரியத் துகள்களைத் தடுக்கும். அண்டக் கதிருக்கு மீட்டர் கணக்கில் வேண்டும். நமக்கு மேலுள்ள காற்று மண்டலம் எடையில் பத்து மீட்டர் நீருக்குச் சமம் என்பதை நினைத்தால் அளவு விளங்கும். கடல் மட்டத்தில் இருக்கும் டர்பனைவிட ஜோகன்னஸ்பர்க்கில் அண்டக் கதிர் ஒன்றரை மடங்குக்கும் மேல். 1,700 மீட்டர் உயரத்துக்குரிய காற்று அங்கே தலைக்கு மேல் இல்லை.

அண்டக் கதிரிலிருந்து ஒளிந்துகொள்ள நம் நாட்டைப் போல் இடம் கிடையாது. 1965 பிப்ரவரியில் பாக்ஸ்பர்க் அருகே தங்கச் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இயற்பியலாளர்கள் ரைன்ஸ், செல்ஷாப் ஆகியோரின் குழு, எதிலும் எளிதில் மோதாத துகளான நியூட்ரினோ இயற்கையில் எழுவதை முதன்முதலாகக் கண்டது அதனால்தான். அந்த ஆழத்தில்கூட அண்டக் கதிரால் பிறக்கும் மியூவான் துகள்கள் அறவே ஒழிவதில்லை.

நவம்பர் 3

சூரியனைப் பற்றிச் சொல்வதாக ஒப்புக்கொண்டது. சூரியன் கொந்தளிப்பாக இருக்கும் ஆண்டுகளில் அதன் காந்தப்புலம் அண்டக் கதிரை வெளியே தள்ளுகிறது. அமைதியான ஆண்டுகளில் உள்ளே விடுகிறது. சாங்கே-4 அளந்த 2019 சூரியனின் இந்தச் சுழற்சியில் அடிமட்டம். அப்பல்லோ 11 சென்ற 1969 உச்சத்தை ஒட்டியது. எனவே 1,369 என்பது எல்லாக் காலத்துக்கும் பொதுவான எண்ணல்ல. உயர்ந்த பக்கத்து எண்.

இந்த ஏற்ற இறக்கத்தை நாம் தரையிலிருந்தே பார்க்கிறோம். கேப் கடற்கரையில் உள்ள ஹெர்மானஸிலும் அண்டார்க்டிகாவிலுள்ள நம் நிலையத்திலும் நியூட்ரான் கண்காணிப்பிகள் பல பத்தாண்டுகளாக ஓடுகின்றன. பொச்செஃப்ஸ்ட்ரூமில் இயங்கும் பல்கலைக்கழகம் அவற்றைப் பேணுகிறது. அவை எண்ணுவது அண்டக் கதிர் காற்றில் மோதி உதிர்த்த நியூட்ரான்களை. நிலவில் மண் செய்யும் வேலையை இங்கே காற்று செய்கிறது.

நவம்பர் 4

கருவிகளை எங்கே சோதிப்பார்கள் என்ற கேள்விக்கு: கேப்டவுனை அடுத்த ஃபாரில் ஐதெம்பா ஆய்வகத்தின் சைக்ளோட்ரான் என்னும் துகள் முடுக்கி புரோட்டானை 200 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை முடுக்கும். லித்தியத்தில் அதை மோதவிட்டு, ஏறத்தாழ ஒரே ஆற்றலுள்ள நியூட்ரான் கற்றையை எடுப்பார்கள். அவ்வளவு வேகமான நியூட்ரானை அளவுதிருத்தத்துக்குக் கொடுக்கும் இடங்கள் உலகில் மிகச் சில. பயிற்சிக்காக ஒருமுறை போயிருந்தேன்; எங்கள் அளவி குறைந்த ஆற்றலில் காட்டிய ஒழுங்கு அங்கே குலைந்தது கண்ணுக்கு நேரே தெரிந்தது. நிலவு மண்ணிலிருந்து எழும் நியூட்ரான்களில் இத்தகைய வேகமானவையும் உண்டு.

நவம்பர் 10

சூரியப் புயலைப் பற்றி யாருமே கேட்கவில்லை. அதுவே எனக்கு வியப்பு. மேலே பேசியதெல்லாம் அமைதியான நாளின் கணக்கு. 1972 ஆகஸ்ட் 4-ஆம் நாள் எழுந்த பெரும் துகள் புயல், ஏப்ரலில் திரும்பிய அப்பல்லோ 16-க்கும் டிசம்பரில் கிளம்பிய அப்பல்லோ 17-க்கும் இடையே விழுந்தது. அன்று தரையில் யாரேனும் நடந்துகொண்டிருந்தால் அப்பல்லோவின் பட்டைக் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

அண்மைக்காலத்தில் 2021 அக்டோபர் 28-ஆம் நாள் புயல் பூமி, நிலவு, செவ்வாய் மூன்றிலும் ஒரே வேளையில் பதிவாயிற்று. சாங்கே-4 கருவியும் அதைக் கண்டது. நிலவைச் சுற்றும் அமெரிக்கக் கலம் கணக்கிட்ட அளவு 31 மில்லிகிரே. மெல்லிய காற்றே உள்ள செவ்வாயின் தரையில் 0.3. நிலவின் அன்றாட 13.2 மைக்ரோகிரேயோடு வைத்துப் பார்த்தால், ஒரு புயல் மூன்று மாதத்துக்குரியதைக் கொண்டுவந்துவிட்டது.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்தவுடன் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நண்பர் மடங்கு கணக்கிடுவார் என்று தெரியும். பொறுங்கள். 31 என்பது சுற்றுப்பாதையில், மெல்லிய மறைப்புக்குப் பின்னால். புயலின் புரோட்டான்களில் பெரும்பகுதி ஆற்றல் குறைந்தவை, கலத்தின் சுவர் ஒன்றே அவற்றில் பலவற்றை நிறுத்திவிடும். அண்டக் கதிருக்கு அந்தச் சுவர் ஒரு பொருட்டல்ல. கிரேயில் மூன்று மாதம் என்றாலும் சீவர்ட்டில் அது மூன்று மாதமாக இராது. உடையோடு வெளியே நிற்பவருக்கும் கலத்துக்குள் இருப்பவருக்கும் அதே புயல் இரு வேறு எண்களைத் தரும். நிலவைச் சுற்றித் திரும்பிய, ஆளில்லாத ஆர்ட்டெமிஸ் 1 பயணத்தில், வான் ஆலன் வளையத்தைக் கடக்கும்போது கலம் திரும்பிய நிலையே உள்ளே கதிரளவைப் பாதியாகக் குறைத்தது என்று 2024 செப்டம்பரில் வெளியிட்டிருக்கிறார்கள். இனி இறங்கப் போகும் கலங்கள் வேகமான நியூட்ரானைத் தனியே பிரித்து, மேல்நோக்கிய உணரி ஒன்றும் மண்ணை நோக்கிய உணரி ஒன்றுமாக ஒரு முழுப் புயலினூடே அளந்து தரட்டும். அதன் பிறகு மடங்கைப் பற்றிப் பேசலாம்.